ஐம்பத்தைந்து மைல் வேகத்தில் ஒரு கலகம்

பங்க் ராக் பற்றிய கல்விப்புல உரையாடல் பெரும்பாலும் ஆடையிலிருந்தே தொடங்குகிறது. டிக் ஹெப்டிஜ் 1979இல் வெளியிட்ட 'சப்கல்ச்சர்: தி மீனிங் ஆஃப் ஸ்டைல்' என்னும் நூல் அதற்கு வழிவகுத்தது. சட்டையில் குத்திய ஊக்கையும் கிழிந்த துணியையும் நிறமேற்றிய தலைமுடியையும் அந்நூல் குறிகளாக வாசித்தது. பண்பாட்டு ஆய்வு கற்பிக்கப்படும் வகுப்பறைகளில் அந்த வாசிப்பு இன்றும் உயிரோடிருக்கிறது. ஆனால் பங்க் வரலாற்றின் மிக முக்கியமான இசைத்தொகுப்புகளுள் ஒன்று, இந்த வாசிப்புக்கு ஏறக்குறைய எதையுமே கையளிப்பதில்லை. அதை உருவாக்கிய மூவரும் கட்டம்போட்ட சாதாரணச் சட்டை அணிந்தனர். அவர்களுள் ஒருவர் பருத்த உடல்வாகு கொண்டவர். மேடையில் அந்த உடலோடு துள்ளிக் குதித்தார். வாசிப்பதற்கு அவர்களிடம் ஊக்கு ஏதுமில்லை. அவர்களை அறிய விரும்பும் ஆய்வாளர் கணக்குப் புத்தகத்தைத்தான் திறக்க வேண்டும்.

மினிட்மென் என்னும் அந்தக் குழுவின் 'டபுள் நிக்கல்ஸ் ஆன் தி டைம்', 1984 ஜூலையில் எஸ்எஸ்டி நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. டி. பூன் கிதார் வாசித்துப் பாடினார்; மைக் வாட் பேஸ் கிதார் வாசித்தார்; ஜார்ஜ் ஹர்லி டிரம்ஸ் வாசித்தார். இரட்டை இசைத்தட்டில் நாற்பதுக்கும் மேற்பட்ட பாடல்கள் இடம்பெற்றன. பெரும்பாலானவை இரண்டு நிமிடங்களைத் தாண்டுவதில்லை. இவ்வளவையும் உருவாக்க ஆன செலவு ஏறத்தாழ 1,100 டாலர்.

தலைப்பே ஒரு கேலி. அமெரிக்காவில் நிக்கல் என்பது ஐந்து சென்ட் நாணயம். இரண்டு ஐந்துகளை அருகருகே வைத்தால் ஐம்பத்தைந்து. அது அன்றைய அமெரிக்க நெடுஞ்சாலைகளில் மணிக்கு இத்தனை மைல் என்று சட்டம் விதித்திருந்த உச்ச வேகம். அந்நாளில் ராக் பாடகர் சாமி ஹேகர், தம்மால் ஐம்பத்தைந்தில் வண்டியோட்ட இயலாது என்ற பொருளில் ஒரு பாடல் பாடி அதைக் கலகமாக முன்வைத்தார். மினிட்மென் அதற்குத் தலைகீழான விடையளித்தனர். வண்டியைச் சட்டம் சொன்னபடியே ஓட்டலாம்; இசையில் யார் சொல்லையும் கேட்க வேண்டியதில்லை என்பதே அவ்விடை. உறையில் இருப்பதும் அந்த விடையின் படம்தான். வாட் தமது சிறிய வோக்ஸ்வாகன் காரை ஓட்டுகிறார். பின்னிருக்கையிலிருந்து எடுக்கப்பட்ட அந்த ஒளிப்படத்தில், கண்ணாடியில் அவருடைய கண்கள் தெரிகின்றன. வேகமானியின் முள் சரியாக 55இல் நிற்கிறது. மேலே சாலைப் பலகையில் சான் பெட்ரோ என்னும் ஊர்ப்பெயர் தெரிகிறது. இம்மூன்றும் ஒரே கணத்தில் பொருந்தி வரும்வரை நண்பர் டர்க் வாண்டன்பெர்க் மீண்டும் மீண்டும் படமெடுக்க வேண்டியிருந்தது. எளிமையாகத் தோன்றும் ஒன்றுக்குப் பின்னால் எத்தனை முயற்சி தேவைப்படுகிறது என்பதற்கு அந்த உறையே முதற்சான்று.

சான் பெட்ரோ லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் துறைமுகப் பகுதி. 1909இல் நகரத்தோடு இணைக்கப்பட்டாலும், ஹாலிவுட்டின் வெளிச்சத்துக்கு வெகு தொலைவில் நிற்கும் உழைப்பாளர் ஊர் அது. கப்பல்துறைத் தொழிலாளர்களும் மீனவர்களும் குரோவேஷியாவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் குடியேறிய குடும்பங்களும் கடற்படையினரும் அதன் மக்கள். வாட்டின் தந்தை கடற்படையில் பணியாற்றியவர். பூனும் வாட்டும் முதன்முதலில் சந்தித்தது பதின்மூன்றாம் வயதில், அவ்வூரின் பெக் பூங்காவில். வாட்டைத் தன் நண்பர்களுள் ஒருவனென்று தவறாக எண்ணி, மரத்தின் மேலிருந்து பூன் குதித்தான் என்பது அந்த நட்பின் தோற்றக் கதை. அன்று பூன் பேசிய வேடிக்கைப் பேச்சுகளைக் கேட்டு, இவன் ஒரு மேதை என்று வாட் வியந்துபோனான். அவை அனைத்தும் ஜார்ஜ் கார்லினின் நகைச்சுவைப் பேச்சுகளிலிருந்து மனப்பாடம் செய்யப்பட்டவை என்பது பின்னரே தெரிய வந்தது. அதற்குள் நட்பு வேரூன்றிவிட்டது.

பிள்ளைகள் தெருவில் சுற்றாமல் வீட்டிலிருக்கட்டும் என்று பூனின் தாய் அவர்களை இசை வாசிக்கச் செய்தார். வாட்டுக்குப் பேஸ் கிதார் என்றால் என்னவென்றே தெரியாது; நான்கு தந்திகள் மட்டும் கட்டிய சாதாரணக் கிதாரையே முதலில் வாசித்தார். க்ரீடன்ஸ் க்ளியர்வாட்டர் ரிவைவல் போன்ற குழுக்களின் பாடல்களை இருவரும் இசைத்தட்டிலிருந்து நகலெடுத்துப் பழகினர். சொந்தமாகப் பாடல் எழுதுவது அவர்களுடைய கற்பனைக்கு வெளியே இருந்தது. எழுபதுகளில் ராக் இசை பெரும் விளையாட்டரங்குகளில் குடிகொண்டிருந்தது. மேடையில் நிற்பவர் எறும்பளவே தெரிந்தார். அவருக்கும் பார்ப்பவருக்கும் இடையிலிருந்த தொலைவு இயற்கை விதிபோலத் தோன்றியது. எழுபதுகளின் பிற்பகுதியில் ஹாலிவுட்டின் சிறிய கூடங்களில் பங்க் குழுக்களைக் கண்டபோதுதான் அந்த விதி உடைந்தது. மேடையிலிருந்தவர்களுள் சிலருக்குத் தங்களைவிடக் குறைவாகவே வாசிக்கத் தெரிந்திருந்தது. ஆயினும் அவர்கள் தம் சொந்தப் பாடல்களையே பாடினர். தேர்ச்சிக்கும் உரிமைக்கும் இடையே இருப்பதாக அதுவரை நம்பப்பட்ட தொடர்பு அங்கே அறுந்தது.

1980இல் மினிட்மென் பிறந்தது. முதல் வெளியீடான 'பேரனாய்ட் டைம்' ஏழு பாடல்களை ஏழு நிமிடங்களுக்குள் அடக்கியது. 1981இல் வந்த 'தி பஞ்ச் லைன்' பதினெட்டுப் பாடல்களைக் கால்மணி நேரத்தில் முடித்தது. இந்தச் சுருக்கத்துக்கு இங்கிலாந்தின் வயர் குழு 1977இல் வெளியிட்ட 'பிங்க் ஃப்ளாக்' வழிகாட்டியாக இருந்தது. பல்லவியைத் திரும்பப் பாடாமல், கிதார் தனியாவர்த்தனத்தை நீட்டாமல், சொல்ல வந்ததைச் சொன்னதும் நிறுத்திக்கொள்வது என்பதே அந்த இலக்கணம்.

இங்கே அன்றைய சூழலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் தெற்குக் கலிஃபோர்னியாவில் பங்க், ஹார்ட்கோர் என்னும் வடிவமாக இறுகத் தொடங்கியது. வேகமும் ஆவேசமும் அதன் அடையாளங்கள். கூடவே ஒரு சீருடையும் வந்து சேர்ந்தது. மழித்த தலை, ஒரே தாளகதி, ஒரே கோபம். கலைப்பள்ளி மாணவர்களும் விந்தை மனிதர்களும் கூடிய பழைய ஹாலிவுட் அரங்குகள், புறநகர் இளைஞர்களின் மோதல் களங்களாக மாறின. இதைப் பங்கின் முரண் எனலாம். எவரும் எதையும் செய்யலாம் என்று தொடங்கிய இயக்கம், நான்கே ஆண்டுகளில் எப்படி ஒலிக்க வேண்டும் என்று கட்டளையிடத் தொடங்கியிருந்தது. மினிட்மென் ஃபங்க் தாளத்தையும் ஜாஸின் தாறுமாறான போக்கையும் நாட்டுப்புறக் கிதாரையும் தம் இசையில் கலந்தனர். இதைப் பங்க் என ஏற்கப் பார்வையாளர்கள் பலர் மறுத்தனர். எச்சில் உமிழ்ந்தும் எதிர்ப்பைக் காட்டினர். ஒரு கலகத்துக்குள்ளேயே மற்றொரு கலகம் தேவைப்பட்டது.

'டபுள் நிக்கல்ஸ்' பிறந்த விதமும் அச்சூழலின் இயல்பைக் காட்டுகிறது. 1983 நவம்பரில், வெனிஸ் கடற்கரைப் பகுதியிலிருந்த ரேடியோ டோக்கியோ ஒலிப்பதிவுக் கூடத்தில், ஈத்தன் ஜேம்ஸின் துணையுடன் ஒரு தொகுப்புக்குப் போதுமான பாடல்களை மினிட்மென் பதிவுசெய்து முடித்திருந்தனர். அந்நேரத்தில் மினசோட்டாவைச் சேர்ந்த ஹஸ்கர் டூ குழு 'ஜென் ஆர்கேட்' என்னும் இரட்டைத் தொகுப்பைப் பதிவுசெய்திருக்கும் செய்தி வந்தது. அவர்களும் எஸ்எஸ்டி குழுவினரே, நெருங்கிய நண்பர்கள். மினிட்மென் தம் தொகுப்பை அப்படியே நிறுத்தி வைத்தனர். மேலும் பல பாடல்களை எழுதினர். 1984 ஏப்ரலில் மறுபடியும் கூடத்துக்குச் சென்றனர். ஒலிக்கலவையை ஒரே இரவில் முடித்தனர். இரு தொகுப்புகளும் ஒரே மாதத்தில் வெளிவந்தன. உறையின் உட்புறத்தில் ஹஸ்கர் டூவைச் செல்லமாகச் சீண்டும் ஒரு குறிப்பும் இடம்பெற்றது. ஒரு படைப்புச் சூழல் உயிரோடிருப்பதற்கு இத்தகைய போட்டியே அடையாளம். இன்னொருவரை வீழ்த்தும் எண்ணம் அதில் இல்லை. அவருக்கு ஈடுகொடுக்கும் ஆசையே இருந்தது.

பிங்க் ஃப்ளாய்டின் 'உம்மகும்மா' தொகுப்பைப் பின்பற்றி, மூவரும் ஆளுக்கொரு பக்கத்தைப் பிரித்துக்கொண்டனர். தத்தம் பக்கத்துக்கான பாடல்களை ஒவ்வொருவரும் முறைவைத்துத் தேர்ந்தெடுத்தனர். எவரும் எடுக்காமல் எஞ்சிய பாடல்கள் நான்காம் பக்கத்தில் சேர்ந்தன. அதற்குப் 'பதர்' என்று பொருள்படும் பெயரை அவர்களே வைத்தனர். ஒவ்வொரு பக்கமும் ஒரு காரின் எஞ்சின் ஒலியோடு தொடங்குகிறது. பெரும் கருப்பொருள் ஏதுமின்றி, காரின் உறுமலையும் ஓர் ஊர்ப்பெயரையும் கொண்டே தொகுப்புக்கு ஒருமை தந்துவிட்டனர்.

பாடல்களின் பொருட்பரப்பு வியப்பூட்டுவது. மெக்சிகோவின் கடற்கரையில், விருந்து முடிந்த காலையில், திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும் சில்லறைக்காகக் காலி பீர் பாட்டில்களைப் பொறுக்கிய ஒரு பெண்ணைப் பூன் கண்டார். அக்காட்சியிலிருந்து 'கொரோனா' பிறந்தது. மத்திய அமெரிக்காவில் அமெரிக்க அரசு நிகழ்த்திய தலையீடுகளும் வியட்நாம் போரும் தனித்தனிப் பாடல்களாயின. வாட் அப்போது ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசீஸ்' நாவலில் மூழ்கியிருந்தார். அந்நாவல் நிகழும் நாளான 'ஜூன் 16' என்பதே ஓர் இசைக்கோவையின் தலைப்பாயிற்று. வாட்டின் சொற்கள் தரையில் கால் பாவாமல் மிதக்கின்றன என்று பூன் ஒருமுறை குறைகூறினார். அதற்கு விடையாக வாட், குளியலறையில் நீர் கசிவதைப் பற்றி வீட்டு உரிமையாளர் எழுதிவைத்த ஒரு சீட்டை எடுத்து அப்படியே பாடலாக்கினார். இதைவிட மெய்யான சொற்கள் கிடைக்குமா என்பதே அதன் உட்பொருள். ஜாய்ஸும் கசியும் குழாயும் ஒரே தொகுப்பில் சமமாக வாழ்கின்றன. துறைமுகத் தொழிலாளர் ஊரின் பிள்ளைகளுக்கு உயர்நவீனத்துவ இலக்கியம் எட்டாதது என்று எவரும் அவர்களிடம் சொல்லவில்லை; சொல்லியிருந்தாலும் அவர்கள் கேட்டிருக்கப் போவதில்லை.

ஆயினும் இத்தொகுப்பின் ஆழமான அரசியல் பாடல் வரிகளில் இல்லை. அது ஒலியின் அமைப்பில் இருக்கிறது. வழக்கமான ராக் குழுவில் கிதாரே எசமானன். பேஸ் பின்னால் நின்று ஏவல் செய்யும். பூன் தமது கிதாரின் கீழ்த்தள ஒலிகளை முற்றிலும் குறைத்து, கூர்மையான ட்ரெபிள் ஒலியை மட்டும் வைத்துக்கொண்டார். இதனால் பேஸுக்கும் டிரம்ஸுக்கும் இடம் பிறந்தது. மூன்று கருவிகளும் சம உயரத்தில் நின்று பேசத் தொடங்கின. இது தற்செயலாக அமைந்த ஒலிச்சுவை அன்று. பூன் இதைத் தெளிவான அரசியல் முடிவாகவே கருதினார் என்று வாட் பிற்கால நேர்காணல்கள் பலவற்றில் விளக்கியுள்ளார். சமத்துவம் பற்றிப் பாடும் குழுக்கள் பல உண்டு. சமத்துவம் ஒலிக்கும்படி தன் கருவியின் குமிழைத் திருகிய கிதார் கலைஞர் அரியவர். முன்னணியில் நிற்பவர் தன் அதிகாரத்தின் ஒரு பகுதியைத் தானாகவே விட்டுக்கொடுத்தால் என்ன நிகழும் என்பதற்கு இத்தொகுப்பின் எந்தப் பாடலும் எடுத்துக்காட்டு.

இதே கொள்கை அவர்களுடைய பணத்தையும் ஆண்டது. சிக்கனமாகச் செய்வதைக் குறிக்க 'ஈகானோ' என்னும் சொல்லை அவர்கள் புழங்கினர். வாடகை குறைவான நள்ளிரவு நேரங்களில் ஒலிப்பதிவு; ஏற்கெனவே பயன்படுத்தப்பட்ட ஒலிநாடா; வெட்டி ஒட்டும் செலவைத் தவிர்க்க, தட்டில் வரவேண்டிய வரிசையிலேயே பாடல்களை வாசித்துப் பதிவுசெய்வது; சுற்றுப்பயணத்தில் உதவியாளர் எவரும் இல்லாமல் கருவிகளைத் தாங்களே சுமப்பது; பயணம் முடிந்ததும் அன்றாட வேலைக்குத் திரும்புவது. உலகிலுள்ள அனைத்தையும் அவர்கள் இரண்டாகப் பிரித்தனர்: ஒன்று மேடை நிகழ்ச்சி, மற்றது அதற்கான துண்டறிக்கை. இசைத்தட்டும் நேர்காணலும் ஒளிப்படமும் துண்டறிக்கையின் வகைகளே. தொகுப்பு என்பது அழியாத படைப்பு என்னும் கற்பனாவாதக் கருத்து அவர்களிடம் இல்லை. துண்டறிக்கைக்கு எவ்வளவு செலவிடலாமோ அவ்வளவே செலவிட்டனர். நாற்பது ஆண்டுகள் கடந்தும் அந்தத் துண்டறிக்கை வாசிக்கப்படுகிறது.

சிக்கனத்தைப் புகழ்வதில் ஒரு பொறி உண்டு. வளம் படைத்தவர்கள் பிறருடைய பற்றாக்குறையை அழகியலாக்குவது எளிது. குறைந்த நிதியில் நிறைந்த பணி செய்வோரைப் பாராட்டி, அந்தப் பாராட்டையே ஊதியத்துக்கு ஈடாக்கும் நிறுவனங்களைப் பல்கலைக்கழகத் தாழ்வாரங்களில் உலவும் எவரும் அறிவர். மினிட்மெனின் கதையை அந்தப் பாராட்டுரைகளுக்குச் சான்றாக்குவது தவறு. அவர்கள் வறுமையைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்களுக்குக் கிடைத்தது அதுதான். அந்த வரம்புக்குள் யாருக்கும் கடன்படாமல், யார் அனுமதியையும் கேட்காமல் வேலை செய்யும் முறையொன்றைக் கட்டியெழுப்பினர். செலவு குறைவாக இருந்ததால் தோல்வி அவர்களை அழிக்க முடியாது. ஆகவே எந்தச் சோதனையையும் துணிந்து செய்யலாம். ஒரு பெருநிறுவனத்தின் முன்பணத்தில் உருவாகும் தொகுப்பில் வீட்டு உரிமையாளரின் சீட்டு பாடலாகியிருக்காது. மேலிருந்து விதிக்கப்படும் சிக்கனமும் கீழிருந்து கட்டப்படும் சிக்கனமும் கணக்கேட்டில் ஒன்றுபோலத் தோன்றலாம். ஒன்று வேலையைச் சுருக்குகிறது, மற்றது விரிக்கிறது.

இத்தொகுப்பின் இதயம் 'ஹிஸ்டரி லெசன், பார்ட் டூ' என்னும் இரண்டு நிமிடப் பாடல். ஆவேசம் ஏதுமில்லாத, பேச்சைப் போன்ற பாடல் அது. தங்களைப் புரிந்துகொள்ளாத ஹார்ட்கோர் இளைஞர்களிடம், நாங்களும் உங்களைப் போன்றவர்களே என்று சொல்வதற்காக வாட் அதை எழுதினார். இரு சிறுவர்கள் சேர்ந்து வளர்ந்ததும், பங்க் அவர்கள் வாழ்வை மாற்றியதும், தாங்கள் நேசித்த கலைஞர்களின் பெயர்களும் அதில் வருகின்றன. எழுதியவர் வாட், பாடியவர் பூன். ஆகவே பாட்டில் 'நான்' என்பது பூனாகிறது. எழுதிய வாட் தமது கதையிலேயே படர்க்கையாகி நிற்கிறார். தன் வரலாற்றை நண்பனின் வாயில் வைத்து, தன்னைப் பெயராக மட்டும் அதில் இருத்திக்கொண்ட அச்செயலில் அந்த நட்பின் முழு அளவும் தெரிகிறது. அமெரிக்கச் சுயாதீன இசையின் எண்பதுகளைப் பற்றி மைக்கேல் அஸெராட் 2001இல் வெளியிட்ட நூல், தன் தலைப்பை இப்பாடலின் முதல் வரியிலிருந்தே எடுத்துக்கொண்டது. ஒரு தலைமுறையின் வரலாறு எழுதப்பட்டபோது, அதற்குப் பெயர் தந்தவர்கள் அதிகம் விற்பனையான குழுவினர் அல்லர்.

1985 டிசம்பர் 22 அன்று அரிசோனா பாலைவனத்தில் அவர்கள் பயணம் செய்யும் வேன் சாலையை விட்டு விலகிக் கவிழ்ந்தது. காய்ச்சலால் பின்புறம் படுத்திருந்த பூன் வெளியே வீசியெறியப்பட்டு உயிரிழந்தார். அவருக்கு வயது 27. வேனில் வாட் இல்லை, ஹர்லியும் இல்லை. ஆர்.இ.எம். குழுவுடன் சுற்றுப்பயணம் முடித்துச் சில நாட்களே ஆகியிருந்தன. குழு அத்தோடு முடிந்தது. வாட் இசையை விட்டுவிடவே எண்ணினார். அடுத்த ஆண்டு ஒஹாயோவிலிருந்து எட் கிராஃபோர்ட் என்னும் ரசிகர், கிதார் கலைஞரைத் தேடுகிறார்கள் என்ற பொய்ச் செய்தியை நம்பிச் சான் பெட்ரோவுக்கே வந்து சேர்ந்தார். அவருடைய பிடிவாதத்தால் வாட்டும் ஹர்லியும் ஃபயர்ஹோஸ் என்னும் புதிய குழுவைத் தொடங்கினர். ரசிகருக்கும் மேடைக்கும் இடையே தொலைவில்லை என்று மினிட்மென் சொன்னதை ஒருவர் நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டார். அதுவே எஞ்சியவர்களைக் காப்பாற்றியது.

வாட் 1997இல் 'காண்டெம்ப்ளேட்டிங் தி எஞ்சின் ரூம்' என்னும் தொகுப்பை வெளியிட்டார். ஒரு கப்பலின் எஞ்சின் அறையில் பணிபுரியும் மூன்று மாலுமிகளின் ஒருநாள் கதை அது. தந்தையின் கடற்படை வாழ்வும் மினிட்மெனின் கதையும் அதில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன. மூவரில் ஒருவர் கடலில் மறைகிறார். இன்றும் வாட் தமது படைப்புகளைப் பூனின் நினைவுக்கே காணிக்கையாக்குகிறார்.

'கொரோனா'வின் தொடக்க இசை பிற்காலத்தில் 'ஜாக்கஸ்' என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் முகப்பிசையாயிற்று. பாட்டில் பொறுக்கிய அந்தப் பெண்ணைப் பற்றி எதுவும் அறியாத கோடிக்கணக்கானோர் அதைக் கேட்டுச் சிரித்திருக்கின்றனர். பண்பாட்டுப் பொருள்கள் தம் தோற்றுவாயிலிருந்து எவ்வளவு விலகிச் செல்லக்கூடும் என்பதற்கு அது சான்று. விலகாமல் நிற்பது வேலைமுறை மட்டுமே. சீருடையை எவரும் வாங்கி அணிந்துகொள்ளலாம்; ஊக்கு கடைகளில் விலைக்கு வந்து வெகுகாலமாயிற்று. நண்பனுக்கு இடம்விட்டுத் தன் ஒலியைக் குறைத்துக்கொள்ளும் பழக்கத்தை எந்தக் கடையும் இன்னும் விற்கத் தொடங்கவில்லை.